மிஷின் வாயில் வைத்த பழம்

என் வீட்டில் ஆறு மாடுகள், மூன்று பிள்ளைகள். மாடுகளுக்குக் கழுத்தில் கயிறு இருக்கிறது. பிள்ளைகளுக்கு இல்லை. மாடுகளைப் பற்றி எனக்கு ஒரு நாளும் கவலை வந்ததில்லை.

டவுனை ஒட்டிய காஜா பெராங்கில் ஒன்றரை ஏக்கர் நிலத்தில் எங்கள் பிழைப்பு. முன்னால் பலகை வீடு, பின்னால் மாட்டுக் கொட்டகை, அதற்கும் பின்னால் ஆளை மறைக்கிற உயரத்துக்கு மாட்டுப் புல். என் வீட்டுக்காரர் ராஜரத்தினம் விடிவதற்குள் பாலைக் கறந்து, சைக்கிளில் கட்டிக்கொண்டு, ஜாலான் பெண்டஹாராவுக்கும் பண்டார் ஹிலிருக்கும் போய் ஊற்றிவிட்டு, பத்து மணிக்குப் பசியாற வந்துவிடுவார். அதுவரை மாடு, கிணறு, அரிவாள், அடுப்பு, பிள்ளை எல்லாம் என் பொறுப்பு.

நான் பிறந்து வளர்ந்த கித்தாத் தோட்டத்தில் ஆயக்கொட்டகை என்று ஒன்று இருந்தது. ரப்பர்ப் பால் மரம் வெட்டப் போகிற அம்மாக்கள் பிள்ளைகளைக் கொண்டுபோய் அங்கே விட்டுவிடுவார்கள். ஒரே ஆயா, இருபது பிள்ளைகள். அவள் நாள் முழுவதும் திட்டிக்கொண்டே இருப்பாள், ஆனால் ஒரு பிள்ளைக்கும் ஒரு கீறல் விழாது. சொந்த மாடு, சொந்தப் பாடு என்று டவுன் பக்கம் வந்த பிறகு அம்மாவும் நானே, ஆயாவும் நானே. இரண்டில் ஆயா வேலையைத்தான் குறை வைக்காமல் செய்கிறேன் என்று அவர் கேலி செய்வார்.

காரணம் இல்லாமலா திட்டுகிறேன்? மூத்தவன் கருணாகரனுக்குப் பதினோரு வயது. ஏழு வயதில் கன்றுக்குட்டியின் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு பிடித்தான். கன்று ஓடியது, இவனும் பின்னால் மண்ணில் இழுபட்டுக்கொண்டே போனான். மணிக்கட்டு ஒடிந்து ஆறு வாரம் கட்டு. எட்டு வயது விஜயா, மல்லாந்து கிடந்த மண்வெட்டியை மிதித்தாள். காம்பு எழும்பி நெற்றியில் அடித்தது, நான்கு தையல். சின்னவள் கோகிலாவுக்கு நான்கு வயது. ஒரு நாள் அவளைக் காணோம் என்று கம்பத்து வீடுகள் எல்லாம் சேர்ந்து தேடின. கடைசியில் பார்த்தால் செவலைப் பசுவின் வயிற்றுக்கடியில் தூங்கிக்கொண்டிருக்கிறாள். அந்தப் பசு காலை அசைக்காமல் நின்றிருந்தது. பிள்ளைக்கு ஒரு அடி கொடுத்தேன், பசுவுக்கு ஒரு கை புண்ணாக்கு அதிகமாகக் கொடுத்தேன்.

அவருக்கு இதெல்லாம் பெரிய விஷயமே இல்லை. அவருக்கே இடது கைச் சுண்டு விரலில் பாதி கிடையாது. சின்ன வயதில் புல் அறுக்கும்போது போனது. அதைப் பிள்ளைகளிடம் உள்ளபடி சொல்லிப் பயமுறுத்தி வைக்க வேண்டாமா? சொல்ல மாட்டார். கருணாவிடம் புலி கடித்தது என்பார். விஜயாவிடம் ஜப்பான்காரன் வாங்கிக்கொண்டு போனான் என்பார். கோகிலாவிடம், "சாமிகிட்ட அடகு வச்சிருக்கேன் பாப்பா, அப்புறமா மீட்டுக்குவேன்" என்பார். மூன்றும் வயிறு குலுங்கச் சிரிக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்த வருஷம் தைப்பூசம் முடிந்த கையோடு அந்த மிஷின் எங்கள் கொட்டகைக்கு வந்தது. ஊரோடு போக முடிவு செய்து கப்பல் ஏறிய பஞ்சாபிப் பால்காரர் ஒருவரிடம் அவர் அதை வாங்கினார். புல் வெட்டுகிற மிஷின். இடுப்பு உயரத்தில் ஒரு மரத் தொட்டி. தொட்டியின் கடைசியில் பல் வைத்த இரண்டு இரும்பு உருளைகள், ஒன்றின் மேல் ஒன்று. அதைத்தான் நாங்கள் வாய் என்று சொல்வோம். வாய்க்கு அந்தப் பக்கம் என் உயரத்துக்கு ஒரு சக்கரம். சக்கரத்தின் ஆரக்கால்களில் முழங்கை நீளத்துக்கு வளைந்த இரண்டு கத்திகள். ஒருவர் சக்கரத்தைச் சுற்ற வேண்டும், ஒருவர் தொட்டியில் புல்லைத் தள்ள வேண்டும். உருளை புல்லை உள்ளே இழுக்கும், கத்தி நறுக்கித் தள்ளும். நான் அரிவாள்மனையில் ஒரு மணி நேரம் நறுக்குகிற புல்லை அது பத்து நிமிஷத்தில் முடித்துவிடும்.

முதல் நாளே அவர், "கருணா புல்லத் தள்ளட்டும், நான் சுத்துறேன்" என்றார்.

"அவன் தள்ள மாட்டான்" என்றேன்.

"பதினோரு வயசு ஆயிடுச்சு. நான் அந்த வயசுல..."

"அந்த வயசுல நீங்க பண்ணுனதுதான் விரல்ல தெரியுதே. என் புள்ளைக்குப் பத்தும் வேணும்."

இரண்டு நாள் வீட்டில் பேச்சு வார்த்தை இல்லை. மூன்றாம் நாள் அவரே இறங்கி வந்தார். நான் மூன்று சட்டம் போட்டேன். வேலை முடிந்ததும் சக்கரத்தைச் சங்கிலி போட்டுத் தூணோடு பூட்ட வேண்டும், சாவி என் இடுப்பில் இருக்கும். மிஷினைச் சுற்றித் தரையில் சுண்ணாம்பால் ஒரு கோடு, பிள்ளைகள் அதைத் தாண்டக் கூடாது. தொட்டிக்குள் புல்லைத் தவிர வேறு எதுவும் போகக் கூடாது, விளையாட்டுக்குக்கூட. அவர் தள்ளுவார், நான் சுற்றுவேன். தோள்பட்டை கழன்றுவிடும் போலிருக்கும். இருந்தாலும் சுற்றினேன்.

சட்டம் நன்றாகத்தான் வேலை செய்தது. எட்டு மாதத்தில் அந்தக் கோட்டை ஒரு கோழி தவிர யாரும் தாண்டவில்லை. எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் ஏறியது, மறைப்பானேன். வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஆயிஷாக்காவிடம் தினமும் இதே பேச்சு. அவர் வீட்டுக்காரர் அப்துல் கய்யூம் ஜாலான் பெண்டஹாராவில் மசாலைக் கடை வைத்திருக்கிறார். அவர்கள் வீட்டில் மாடும் இல்லை, மிஷினும் இல்லை. பிள்ளைகள்கூடப் பெரியவர்கள். ஆனாலும் ஆயிஷாக்கா பொறுமையாகக் கேட்பார். "பூங்காவனம், நீ போலீஸ் வேலைக்குப் போயிருக்கணும் லா" என்பார்.

"இந்த வீட்ல கண்ணு இருக்குற ஆளு நான் ஒருத்திதான் அக்கா" என்பேன்.

அதில் பொய் இல்லை. ஒரு தடவை என் வீட்டுக்காரர் அரிவாளைக் கூரை இறவாணத்தில் தாழ்வாகச் செருகிவிட்டுப் போனார். விஜயா துள்ளிக்கொண்டு வந்து காதில் கீறிக்கொண்டாள். நான் கத்தினேன். "காது இருக்குல்ல, விடு" என்றார். அப்படிப்பட்ட மனிதர்.

ஆகஸ்ட் கடைசியில் மெர்டேக்கா வந்தது. பள்ளிக்கூடத்தில் கொடியும் மிட்டாயும் கொடுத்து அனுப்பினார்கள். அன்றையிலிருந்து கருணா எதைச் செய்தாலும் கையைத் தூக்கி, "மெர்டேக்கா!" என்று மூன்று தடவை கத்திவிட்டுத்தான் செய்வான். குளிக்கப் போனாலும் மெர்டேக்கா, மாட்டை அவிழ்த்தாலும் மெர்டேக்கா. விஜயாவும் கோகிலாவும் பின்பாட்டு. "நாட்டுக்குத்தான் சுதந்திரம், உங்களுக்கு இல்ல" என்று நான் சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

ஒரு மாதம் கழித்து ஆயுத பூஜை.

எங்கள் வீட்டில் தீபாவளியைவிட எனக்குப் பிடித்தது இந்த நாள்தான். ஒரு வருஷம் உழைத்த சாமான்களுக்கெல்லாம் அன்று ஒரு நாள் ஓய்வு. விடிந்ததும் அரிவாள், மண்வெட்டி, பாராங் கத்தி, வீட்டில் மிச்சம் இருந்த பால் கேன், நட்டு முடுக்குகிற ஸ்பேனா, என் அரிவாள்மனை, ஆட்டுக்கல் எல்லாவற்றையும் புளி போட்டுத் தேய்த்துக் கழுவினேன். சின்னச் சாமான்களைப் பலகையில் வரிசையாக அடுக்கிச் சந்தனம், குங்குமம் வைத்தேன். மிஷினுக்கு இது எங்கள் வீட்டில் முதல் பூஜை. அதற்கு என்ன குறை வைப்பேன்? துருவைச் சுரண்டி, எண்ணெய் தடவி, சக்கரத்துக்கு ஒரு பெரிய சாமந்தி மாலை போட்டேன்.

சங்கிலியைக் கழற்றினேன். கட்டிப்போட்டுவிட்டுக் கும்பிடுவார்களா? தோட்டத்தில் என் அப்பா பூஜைக்கு முன் எல்லாச் சாமானின் கட்டையும் அவிழ்த்துவிடுவார். கழற்றிய சங்கிலியை ஆணியில் மாட்டினேன். கொட்டகைத் தரையைக் கழுவி மெழுகினேன். சுண்ணாம்புக் கோடு அழிந்தது. அந்த இடத்தில் பெரிய தாமரைக் கோலம் போட்டேன். இன்னொரு பழக்கமும் எங்கள் வீட்டில் உண்டு. ஒவ்வொரு சாமானுக்கும் அதன் பங்கை அதன் வாயிலேயே வைக்க வேண்டும். ஆட்டுக்கல்லுக்குக் குழியில் பொரி. பால் கேனுக்கு மூடியில் வெல்லம். மிஷினுக்கு வாய்தான் இருக்கிறதே. தொட்டியின் உள்ளே கையை நீட்டி, இரண்டு உருளைக்கும் நடுவில் ஒட்டினாற்போல் இரண்டு பிசாங் மாஸ் வாழைப்பழம், பக்கத்தில் ஒரு வெல்லக்கட்டி. பிசாங் மாஸ் என்றால் கோகிலா உயிரை விடுவாள். அதை நினைத்துக்கூட அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. எவ்வளவு அழகாக இருக்கிறது என்றுதான் பார்த்தேன்.

பால் ஊற்றிவிட்டு வந்து குளித்த அவர், வேட்டியைக் கட்டிக்கொண்டு மிஷின் முன்னால் நின்றார். குனிந்து தொட்டிக்குள் பார்த்தார்.

"வாயிலயா வச்ச?"

"பின்ன, காதுலயா வைப்பாங்க?"

"எடுத்துக் கீழ எலையில வச்சிடலாமே."

"படையல் வச்சத தீபம் காட்டாம எடுக்குறதா? நல்ல நாளும் அதுவுமா வாய வச்சிக்கிட்டுச் சும்மா இருங்க. உங்களுக்கு ஒன்னும் தெரியாது."

அவர் தலையைச் சொறிந்தார். நான் அடுப்படிக்குப் போனேன். சுண்டலைத் தாளித்துவிட்டு எட்டிப் பார்த்தால் கையில் ஸ்பேனாவோடு மிஷினுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார்.

"சந்தனம் வச்ச ஸ்பேனாவ எதுக்கு எடுத்தீங்க? இன்னிக்கு ஒரு நாளாவது அதுக்கு லீவு குடுங்களேன்!"

"ஆச்சு, ஆச்சு. வச்சிடுறேன்" என்றார். எதையாவது நோண்டாமல் இருக்க அவருக்குத் தெரியாது என்று முணுமுணுத்துக்கொண்டு சர்க்கரைப் பொங்கலைக் கிண்டப் போனேன்.

பூஜை நல்லபடியாக நடந்தது. அவர் போட்ட சாம்பிராணியில் கொட்டகைக்குள் மாடு எது, மனிதர் எது என்று தெரியவில்லை. எல்லாரும் இருமிக்கொண்டே கும்பிட்டோம். தீபம் காட்டி முடிந்ததும் பிள்ளைகளைப் பார்த்து, "ம், எடுத்துக்கங்க" என்றேன். அதுவும் எங்கள் வழக்கம்தான். படையல் எல்லாம் பிள்ளைகளுக்கு. யார் முதலில் எடுக்கிறார்களோ அவர்களுக்கு. மூன்றும் கூச்சல் போட்டுக்கொண்டு பாய்ந்தன. எனக்கு மனசு நிறைந்திருந்தது.

சுண்டல் எடுக்க வீட்டுக்கு வந்தால் வாசலில் ஆயிஷாக்கா வந்து உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் பேச்சு வந்துவிட்டது. சுண்டலைத் தட்டில் போட்டுக்கொண்டே, "மூனு சட்டம் அக்கா. மூனே மூனு. எட்டு மாசமா ஒரு கீறல் இல்ல" என்று ஆரம்பித்தேன். கொட்டகையிலிருந்து கருணாவின் குரல் கேட்டது.

"மெர்டேக்கா! மெர்டேக்கா!"

மூன்றாவது மெர்டேக்கா வரவில்லை. அதற்குப் பதில் கடகடவென்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தை நான் தினமும் என் தோளால் கேட்கிறவள். சக்கரம்.

என் கை இடுப்புக்குப் போனது. சாவி இருந்தது. சங்கிலி ஆணியில் தொங்குவது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. தட்டு எங்கே விழுந்தது, நான் எப்படி ஓடினேன் என்று தெரியாது. ஓடுகிறபோதே கோகிலாவின் அலறல் வந்துவிட்டது.

கவிழ்த்த வாளியின் மேல் கோகிலா நின்றிருந்தாள். அவளுடைய வலது கை முழங்கை வரைக்கும் தொட்டிக்குள் இருந்தது. அந்தப் பக்கம் கருணா சக்கரத்தின் பிடியைப் பிடித்தபடி சிலையாக நின்றிருந்தான். விஜயா, "பழம் மாட்டிக்கிச்சு, சுத்துனா அந்தப் பக்கம் வந்துரும்னு சொன்னான்... அண்ணன் சொன்னான்..." என்று சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தாள். என் பிள்ளையின் கை உருளைக்குள் இருந்தது. உருளைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அவளை இடுப்போடு கட்டிப் பிடித்துக்கொண்டேன், இழுக்கவும் பயம், விடவும் பயம்.

அவர் வந்தார். கருணாவை ஒதுக்கிவிட்டுப் பிடியைப் பிடித்து, மெதுவாக, மிக மெதுவாக, சக்கரத்தைப் பின்பக்கமாகச் சுற்றினார். உருளை கையை விட்டது. பழக் கூழோடு கை வெளியே வந்தது. ஐந்து விரல்களும் இருந்தன. நடு விரலிலும் மோதிர விரலிலும் தோல் உரிந்து ரத்தம், நகம் இரண்டும் கறுத்துக்கொண்டு வந்தன. நான் ஐந்தையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். மறுபடியும் பார்த்தேன்.

பிறகுதான் எனக்குக் குரல் வந்தது. வந்தது எல்லாம் அவர் மேல்.

"கொண்டாந்தீங்களே, இந்த எமன வீட்டுக்குள்ள! வேணாம் வேணாம்னு தலதலயா அடிச்சிக்கிட்டேனே, கேட்டீங்களா? புள்ளைங்க மேல உங்களுக்கு அக்கறைன்னு ஒன்னு இருந்திருக்கா? ஒரு நாளாவது இருந்திருக்கா?"

அவர் கோகிலாவின் கையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நான் நிறுத்தவில்லை. பின்னாலேயே ஓடி வந்த ஆயிஷாக்கா என் தோளைத் தொட்டார்.

"பூங்காவனம். அங்கன பாரு புள்ள. சக்கரத்துல கத்தி எங்க?"

பார்த்தேன். சாமந்தி மாலைக்குப் பின்னால் ஆரக்கால்கள் மொட்டையாக இருந்தன. இரண்டு கத்திகளும் பலகையில் இருந்தன. பாராங் கத்திக்கும் மண்வெட்டிக்கும் நடுவே, மாவிலைக்கு அடியில், ஆளுக்கொரு சந்தனப் பொட்டோடு. சாம்பிராணிப் புகையில் அவற்றைப் பார்த்துத்தான் நான் கும்பிட்டிருக்கிறேன். எந்தச் சாமான் என்று கவனிக்கவில்லை.

"நீங்களா கழட்டுனீங்க?"

"ம்."

"ஏன்?"

"பழம் அங்க இருந்தா பாப்பா கைய வுடுவான்னு பட்டுச்சு. நீ எடுக்க வுடல. சரி, கத்தியக் கழட்டுவோம்னு கழட்டுனேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?" என்று அதற்கும் கத்தினேன்.

"சொன்னா சண்ட வரும். நல்ல நாள்." அவர் பிள்ளையின் விரல்களைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "உருளைய மறந்துட்டேன். அதையும் தூக்கி வச்சிருக்கணும். ரொம்ப வலிக்குதாடா பாப்பா?"

பேச வேண்டிய வார்த்தை எது என்று எனக்குத் தெரிந்தது. அதைச் சொல்லாமல் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். பத்து வருஷத்துக்கும் மேல் குடும்பம் நடத்தி அந்த வார்த்தையை நான் ஒரு தடவைகூட அவரிடம் சொன்னதில்லை. சொல்லத் தேவையும் வந்ததில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

அப்துல் கய்யூம் பாய் காரில் எங்களைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நர்ஸ் மிஸி விரல்களைத் துடைத்து மருந்து போட்டுக் கட்டினார். எலும்பில் ஒன்றும் இல்லை என்றும், நகம் இரண்டும் விழுந்து புதிதாக முளைக்கும் என்றும் சொன்னார். எப்படி ஆனது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர், "மிஷின்ல மாட்டிக்கிச்சு மிஸி" என்று முடித்துவிட்டார். யார் வைத்தது, எதை வைத்தது என்று ஒன்றும் சொல்லவில்லை. கோகிலா வருகிற வழியெல்லாம் கட்டுப் போட்ட கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ரோட்டில் போகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்ததும் இன்னொரு பிசாங் மாஸ் கேட்டாள்.

மூன்றரை மணிக்குப் பின்னேரக் கறவை. கன்றுகளை அவிழ்ப்பது கருணாவின் வேலை. அவன் வரவில்லை.

"கருணா எங்க?" என்றார் அவர்.

விஜயாவுக்குத் தெரியவில்லை. நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து அவளைப் பார்த்துக்கொண்ட ஆயிஷாக்காவும் அவனைப் பார்க்கவில்லை. சாப்பாட்டுத் தட்டு மூடியபடி அப்படியே இருந்தது. அத்தனை நேரமும் அந்தப் பிள்ளையைப் பற்றி நான் ஒரு தடவைகூட நினைக்கவில்லை. அவனைப் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. ரத்தத்தைப் பார்த்தான், நான் கத்தியதைக் கேட்டான், தங்கையைத் தூக்கிக்கொண்டு கார் போனதைப் பார்த்தான். அவ்வளவுதான் அவனுக்குத் தெரியும்.

என் கால் நேராகக் கிணற்றுக்குத்தான் போனது. கட்டைச் சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். தண்ணீர் அசையாமல் இருந்தது. என் முகம் மட்டும் தெரிந்தது. நான் கும்பிடாத சாமி அப்போது பாக்கியில்லை.

"நான் சடக்கு வரைக்கும் போய்ப் பாக்குறேன்" என்று அவர் ரோட்டுப் பக்கம் கிளம்பினார். நான் புல்லுக்குள் இறங்கினேன். ஆள் உயரப் புல்லில் பிள்ளையைத் தேடுவது லேசு இல்லை. கூப்பிட்டேன், பதில் இல்லை. நின்று கேட்டேன். நடுவில் ஓரிடத்தில் காற்று இல்லாமலே புல் அசைந்தது.

முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முகமெல்லாம் புல் கீறல். என்னைப் பார்த்ததும் இன்னும் ஒடுங்கிக்கொண்டான்.

"பாப்பா கை...?" என்றான்.

"இருக்குடா. அஞ்சு விரலும் இருக்கு. ரெண்டு நகம் மட்டும் போயி வேற மொளைக்கும்."

அவன் நம்பவில்லை. "நான்தான் சுத்துனேன்" என்றான்.

யார்டா உன்னைச் சுற்றச் சொன்னது என்று என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. பழக்க தோஷம். அதை விழுங்கிக்கொண்டு அவன் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தேன். புதுச் சேலைதான், போகட்டும்.

"சங்கிலிய யாரு கழட்டுனா?"

"நீ."

"கோட்ட யாரு அழிச்சா?"

"நீ."

"தொட்டிக்குள்ள புல்லத் தவிர வேற ஒன்னும் போகக் கூடாதுன்னு சொன்னது யாரு?"

"நீதான்."

"அப்புறம் பழத்த உள்ள வச்சது யாரு?"

அவன் என் முகத்தைப் பார்த்தான். சொல்லலாமா கூடாதா என்று தெரியவில்லை அவனுக்கு.

"சொல்லு. அடிக்க மாட்டேன்."

"நீதாம்மா" என்றான், காற்றுப் போல.

"அப்ப தப்பு யாரு மேல?"

"என் மேலயும் கொஞ்சம் இருக்கு" என்றான்.

அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. இவ்வளவு நல்ல பிள்ளையை இந்தப் புல்லுக்குள் நான்கு மணி நேரம் தனியாக உட்கார வைத்திருக்கிறேனே என்று வந்தது. "கொஞ்சம் உன் மேல. மிச்சம் பூராவும் அம்மா மேல" என்றேன்.

"அப்பா மேல?"

"அப்பா கத்தியக் கழட்டி வச்சிருந்தாருடா. அதனாலதான் பாப்பா கை இருக்கு. இன்னிக்கு அப்பா மேல தப்பே இல்ல."

கருணா மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டான். கத்தியைப் பற்றிக் கேட்டான், எத்தனை நட்டு, எதனால் கழற்றினார் என்று. எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அவன் முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது. பிறகு ஒன்று கேட்டான்.

"இத அப்பாகிட்ட சொல்லிட்டியாம்மா?"

"எத?"

"உன் மேலதான் தப்புன்னு."

பதினோரு வயது. என் வயிற்றில் பிறந்தது. என்னிடம் இல்லாத பதிலைத்தான் கேட்கும்.

"இல்ல" என்றேன்.

அவன் எழுந்து நின்று என் கையைப் பிடித்து இழுத்தான். "வா. போய்ச் சொல்லு. அப்புறமா நான் சாப்புடுறேன்."

புல்லிலிருந்து நாங்கள் வெளியே வந்தபோது அவர் சடக்கிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தார். மகனைப் பார்த்ததும் கொட்டகை வாசலிலேயே நின்றுவிட்டார். அவன் தலையில் கையை வைத்து ஒரு ஆட்டு ஆட்டினார், "கன்னுக்குட்டிய அவுத்து வுடுடா, செவல கத்துது" என்றார். அவன் ஓடவில்லை. என் பக்கத்திலேயே நின்று என்னைப் பார்த்தான்.

அவர் குந்தி உட்கார்ந்து செவலையின் மடியைக் கழுவ ஆரம்பித்தார். நான் பின்னால் நின்று சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தேன்.

"என்னங்க."

"ம்."

"தப்பு என்னோடதுதான்."

அவருடைய கை மடியில் நின்றது. தலை திரும்பவில்லை. காது மட்டும் சிவந்ததைப் பார்த்தேன். "கேக்கல. மாடு கத்துற சத்தம். சத்தமா சொல்லு" என்றார்.

செவலை அப்போது கத்தவே இல்லை. கருணா வாயைப் பொத்திக்கொண்டான். திட்டுவதற்கு நல்ல திட்டாக இரண்டு எனக்கு ஞாபகம் வந்தன, இரண்டையும் விட்டுவிட்டேன். மூச்சை இழுத்துக்கொண்டு, திட்டும்போது எந்தக் குரலில் திட்டுவேனோ அதே குரலில் சொன்னேன். வேலிக்கு அந்தப் பக்கம் ஆயிஷாக்கா வீட்டில் மசாலை இடிக்கிற சத்தம் சட்டென்று நின்றது.